சோபாவுக்குள் ஓர் அந்துருண்டை

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் ஒரு குஷன் கடை இருக்கிறது. பஸ் சீட், ஆட்டோ சீட், கல்யாண மண்டபத்து நாற்காலி எல்லாம் அங்கே வந்துதான் தோல் மாற்றிக்கொள்ளும். போன மார்கழியில் எங்கள் வீட்டுப் பழைய சோபாவைக் கொண்டுபோய்ப் போட்டேன். ரெக்ஸினைக் கிழித்ததும் உள்ளே இருந்த ஃபோம் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. தொட்டால் விரலெல்லாம் மஞ்சள் பொடி. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று அடிக்கிற மாதம் அது. கடைக்கார அண்ணன் துடைப்பத்தைத் தேடவே இல்லை.

"விடுங்க சார், காத்தே கூட்டிட்டுப் போயிரும்" என்றார்.

கூட்டிக்கொண்டுதான் போனது. ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த தென்னந்தோப்புக்குள் போய் மறைந்தது. என் சோபா ஃபோமில் என்னென்ன கலந்தது என்று சொல்லும் லேபிள் எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி ஃபோமிலும், பழைய டிவிப் பெட்டியிலும், ஒயரிலும், திரைச்சீலையிலும் உலகம் முழுக்க ஐம்பது வருடமாகக் கலந்துவந்த ஒரு சரக்கு உண்டு: தீத்தடுப்பு ரசாயனம். அது வீட்டை விட்டு வெளியேறி ஓர் ஆற்றுப் படுகையின் மண்ணிலும் காற்றிலும் எப்படிக் குடியேறுகிறது என்பதைப் பள்ளிக்கூட வேதியியலை மறந்துபோனவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தீ பயம் பொய்யில்லை. ஃபோமும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்தின் பிள்ளைகள். ஒரு தீக்குச்சி போதும், பஞ்சு மெத்தை புகைந்துகொண்டிருக்கும் நேரத்துக்குள் ஃபோம் மெத்தை கொழுந்துவிட்டுவிடும். துணியைத் தீயிலிருந்து காக்கும் முயற்சியும் புதிதல்ல. 1821-லேயே பிரான்சில் கே-லுசாக் என்ற வேதியியலாளர் நாடகக் கொட்டகைத் திரைகளுக்காக அம்மோனியம் பாஸ்பேட்டையும் வெண்காரத்தையும் கலந்து பார்த்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் பிளாஸ்டிக் வீட்டுக்குள் வந்தபோது அந்த வேலைக்கு மலிவாகக் கிடைத்தது புரோமின். 1826-ல் உப்பளத்துக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்தபோது அதற்கு வைத்த பெயருக்குக் கிரேக்கத்தில் 'நாற்றம்' என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு மூக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

புரோமின் தீயை எப்படி நிறுத்துகிறது? தீ என்பது ஒரு சங்கிலி. சூட்டில் பிளாஸ்டிக் உடைந்து ஆவியாகும். அந்த ஆவியில் ஹைட்ரஜன், ஹைட்ராக்ஸில் என்ற துண்டுகள் தனியாகத் திரியும். துணையில்லாத இந்தத் துண்டுகள் படு முரடு. ஒன்றின் மேல் மோதி அதை உடைத்து, அதிலிருந்து இரண்டு முரடர்களைக் கிளப்பிவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் கைநீட்ட, பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டுவது போல. புரோமின் கலந்த பிளாஸ்டிக் சூடானால், உள்ளே இருக்கும் புரோமின் சட்டென்று கழன்று அதே ஆவிக்குள் வந்து, அந்த முரட்டுத் துண்டுகளைக் கைப்பிடித்து ஓரமாக உட்கார வைத்துவிடுகிறது. சண்டை பரவாது. தீ அணையாவிட்டாலும் மெதுவாகும், வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். வேறு வகைகளும் உண்டு. பாஸ்பரஸ் சேர்ந்தவை மேலே கரிப் போர்வை போர்த்தும். அலுமினியம் ஹைட்ராக்சைடு சூட்டில் தண்ணீரை விடும். தொல்லை அதிகம் தந்தது புரோமின் குடும்பம் என்பதால் அதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

தொல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், இந்த ரசாயனத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொத்தான் தைத்திருக்கிறது, பையில் சில்லறையும் கிடக்கிறது. இரண்டும் சட்டையோடுதான் வருகின்றன. ஆனால் குனிந்தால் சில்லறை விழும், பொத்தான் விழாது. தீத்தடுப்பிகளிலும் இந்த இரண்டு சாதி உண்டு. எலெக்ட்ரானிக் சர்க்யூட் போர்டில் போடும் புரோமின் பெரும்பாலும் பொத்தான் வகை. பிசினோடு வேதிப்பிணைப்பில் தைத்துவிடுகிறார்கள். ஃபோமிலும் டிவிப் பெட்டியிலும் போட்டது சில்லறை வகை. பிளாஸ்டிக் கூழில் கலக்கி வார்த்துவிட்டார்கள். எதனோடும் பிணைப்பில்லை. அதுவும் சிட்டிகை அளவில் இல்லை. அமெரிக்க சோபா ஃபோமில் எடைக்கு 3 முதல் 5 சதவீதம், பழைய குண்டு டிவியின் பின்பக்கப் பெட்டியில் 10 சதவீதத்துக்கு மேல். ஐந்து கிலோ பெட்டியில் அரை கிலோ ரசாயனம்.

பையில் ஓட்டை எங்கே என்பதற்கு நம் வீட்டு டிரங்குப் பெட்டியே சாட்சி. பட்டுப்புடவைக்கு நடுவே ஓர் அந்துருண்டை போடுகிறோம். அதை யாரும் உருக்கவில்லை, கரைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் உருண்டை சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருக்கும், வாசனை புடவையில் ஏறியிருக்கும். உருண்டை மெள்ள மெள்ளக் காற்றாகி, காற்றிலிருந்து துணியில் படிந்திருக்கிறது. தீத்தடுப்பி செய்வதும் இதையேதான், ஆனால் அந்துருண்டையைவிடப் பல ஆயிரம் மடங்கு நிதானமாக. மாதக் கணக்கில் அல்ல, வருடக் கணக்கில். டிவி சூடாக ஓடும்போது கொஞ்சம் கூடுதலாக. அதற்கு மேல், ஃபோம் உதிர்ந்தால் பொடியோடும் போகும். காற்றாகவும் போகலாம், தூசியாகவும் போகலாம் என்று இரண்டு வழி அதற்கு. இரண்டில் எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது அதன் உடம்பு.

உடம்பு என்றால் இப்படி. இந்தக் குடும்பத்தில் பிரபலமானது பி.பி.டி.ஈ. (பாலிபுரோமினேட்டட் டைஃபினைல் ஈதர்) என்பது. இரண்டு அறுகோண வளையங்கள், நடுவில் ஓர் ஆக்சிஜன் பாலம். வளையங்களைச் சுற்றிப் புரோமின் உட்கார மொத்தம் பத்து இருக்கை. எத்தனை பேர், எந்தெந்த இருக்கையில் என்று கணக்குப் போட்டால் 209 விதம் வரும். கடைச் சரக்காக வந்தது மூன்று கலவை: சுமார் ஐந்து புரோமின் உள்ள பென்டா, எட்டு உள்ள ஆக்டா, பத்து இருக்கையும் நிரம்பிய டெக்கா. பென்டா லேசு, ஃபோமில் போட்டார்கள், காற்றாகிப் பறக்கும். டெக்கா கனம். அது தானாகப் பறக்காது, தூசியின் முதுகில் ஏறிப் போகும். வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு புரோமினாக உதிர்ந்து ஒன்பது, எட்டு என்று இறங்கவும் செய்யும். கனமானது ஆபத்தில்லை என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு இது பெரிய தலைவலியாகப் போனது. வெயிலே அதை லேசான தம்பியாக மாற்றித் தருகிறதே.

ஒரு முறம், இரண்டு காற்று

ஆற்றுப் படுகை என்றால் ஆறு மட்டும் இல்லை. எங்கே மழை விழுந்தால் கடைசியில் அந்த ஆற்றுக்கு வந்து சேருமோ அந்த நிலம் முழுவதும். ஒரு பெரிய முறம் என்று வையுங்கள். எங்கள் முறம் பாரதப்புழை. ஆனைமலைப் பக்கம் புறப்பட்டு 209 கிலோமீட்டர் ஓடிப் பொன்னானியில் கடலில் விழுகிறது. படுகை சுமார் 6,186 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டில், மிச்சம் கேரளத்தில். (209 என்ற எண் இரண்டு இடத்தில் வந்தது தற்செயல். பிள்ளைகளுக்கு நினைவில் வைக்க வசதி.) பொள்ளாச்சிப் பக்கத்து மழை சித்தூர்ப்புழையாக எங்கள் ஊரைத் தொட்டுப் போகும்.

இந்தத் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருடம் 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு வர வேண்டும். குறைந்தால் பேப்பரில் செய்தி, கலெக்டர் ஆபீஸ் முன்னால் போராட்டம். டீக்கடையில் அந்த எண்ணைத் தெரியாத ஆள் கிடையாது. கோபாலபுரத்திலும் நடுப்புணியிலும் வேலந்தாவளத்திலும் செக்போஸ்ட் உண்டு, லாரியில் குப்பை வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். காற்றில் வருவதை எட்டிப் பார்க்க ஆளில்லை.

காற்று இங்கே சாதாரணக் காற்றும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பெரிய மதில் என்றால் பாலக்காட்டுக் கணவாய் அதில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள வாசல். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து உள்ளே பாயும். கார்த்திகை மார்கழியில் கிழக்கிலிருந்து திரும்பப் பாயும், பனங்காட்டையெல்லாம் சரசரக்க வைத்துக்கொண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஃபோம் பொடிக்கு அம்மி வேகம் எதற்கு? ஒரு பருவத்தில் கோவை, பொள்ளாச்சித் தூசி இங்கே வரும். இன்னொரு பருவத்தில் இங்கே இருப்பது அங்கே போகும். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று பஞ்சாயத்து வைத்தால் இரண்டு தரப்பும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றாகிப் போகும் லேசான வகை ஒரே மூச்சில் பறந்துபோய் விழுவதில்லை. தத்தித் தத்திப் போகும். பகலில் தரை சூடானால் மண்ணிலிருந்து எழும்பும். ராத்திரி குளிர்ந்தால் கீழே இறங்கும், இலையிலோ மண்ணிலோ ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வெயிலில் அடுத்த தாவல். விஞ்ஞானிகள் இதை வெட்டுக்கிளிப் பயணம் என்கிறார்கள். போகப் போகக் குளிர்ச்சியான இடம் வந்தால் திரும்ப எழும்பத் தெம்பிருக்காது, அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் தொழிற்சாலையே இல்லாத ஆர்க்டிக் பனிக்கரடியின் கொழுப்பில் பி.பி.டி.ஈ. கிடைத்தது. துருவத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, மலையேறினாலும் குளிர்தான். கனடாவின் ராக்கி மலைகளில், உயரம் கூடக்கூடப் பனியில் இதன் உறவுக்காரர்களான குளோரின் சேர்ந்த நச்சுகள் கூடுதலாகப் படிந்திருப்பதை 1990-களிலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். காடு இருந்தால் இன்னொரு வேலையும் நடக்கும். இலையின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதல்லவா, அது காற்றிலிருக்கும் இந்தப் பொருளை இழுத்து வைத்துக்கொள்ளும். இலை உதிரும், மக்கும், சரக்கு மண்ணுக்குப் போகும். ஃபோம் என்ற பேச்சே கேட்காத ஒரு மலைக்காட்டின் மண்ணில் இது இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மண் ஏன் விடுவதில்லை

எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். தண்ணீர் ஓடிவிடும், எண்ணெய் விரலில் வழுக்கும். பி.பி.டி.ஈ.க்குத் தண்ணீர் ஆகவே ஆகாது, எண்ணெயும் கொழுப்பும் மக்கும்தான் சொந்தக்காரர்கள். மண்ணில் விழுந்தால் மழை அதைக் கிணற்றுக்குள் இறக்காது. இலைதழை மக்கிய பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு மேலாக்கில் சில அங்குலத்துக்குள்ளேயே வருடக் கணக்கில் கிடக்கும். உழுதால் கீழே போய்க் கலக்குமே தவிர, காணாமல் போகாது.

இதனால் மக்கு அதிகமுள்ள மண்ணில் இந்தச் சரக்கும் அதிகம் தங்கும். தொழுவுரம் போட்டுப் போட்டு வளர்த்த தோட்டத்து மண் நல்ல மண்தான், ஆனால் காற்றில் வருவதை அதுதான் கூடுதலாகப் பிடிக்கும். எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கரிசல் இருக்கிறது. கறுப்பாக இருப்பதால் அதில் மக்கு அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. கரிசலின் கறுப்பு வேறு, மக்கு வேறு. இரண்டு வயலின் மண்ணை ஒப்பிடும்போது ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் மண்ணில் கரிமம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது இதற்காகத்தான். அதைப் பார்க்காமல் "இந்த ஊரில் அதிகம், அந்த ஊரில் குறைவு" என்று சொன்னால் அது அரைகுறைப் பேச்சு.

வெயிலில் எழும்புவது போக, மண்ணிலிருந்து வெளியேற இன்னும் இரண்டு வழி. ஒன்று வெள்ளம். 2018 ஆகஸ்ட் மாதிரி ஒரு வெள்ளம் வந்தால் மேல்மண் கரைந்து சேறாக ஓடும். தண்ணீரில் கரையாத பொருள் சேற்றோடு போகும், தடுப்பணைக்குப் பின்னால் படியும், மிச்சம் பொன்னானிக் கழிமுகத்துக்குப் போய்ச் சேரும். ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்து "ஒன்றுமில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டியது அடியிலிருக்கும் சேற்றை.

இன்னொரு வழி வாய். செடியின் வேர் இதை அதிகம் இழுக்காது. ஆனால் மாடு புல்லோடு மண்ணையும் சேர்த்துத்தான் மேய்கிறது. நாட்டுக்கோழி நாளெல்லாம் மண்ணைக் கிளறித்தான் வயிறு நிரப்புகிறது. கொழுப்பைத் தேடும் பொருள் பாலுக்கும் மஞ்சள் கருவுக்கும் போகாமல் வேறெங்கே போகும்? ஓர் ஊரின் மண் எப்படி என்று பார்க்க நினைக்கிற ஆராய்ச்சிக்காரர்கள், அங்கே அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கோழியின் முட்டையை வாங்கிப் போவது வழக்கம். மண்ணை ஆயிரம் இடத்தில் தோண்டுவதற்குப் பதில் கோழியே ஆயிரம் இடத்தில் கொத்திச் சுருக்கித் தந்துவிடுகிறது.

மண்ணில் கொட்டியது மறப்பதில்லை என்பதற்கு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பாடம் புதிதாக வேண்டியதில்லை. பிளாச்சிமடையில் குளிர்பான ஆலையின் கழிவுச் சகதியை உரம் என்று சொல்லி வயலுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது வெளியே வந்தது. அது உலோகம், இது கரிமச் சேர்மம். ஜாதி வேறு, மேல்மண்ணில் உட்காரும் பழக்கம் ஒன்றுதான்.

ஆக்ரிக்கடை வாசல்

வீட்டிலிருந்து மெள்ளக் கசிவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு படுகையில் அளவு எகிறுவது பெரும்பாலும் பொருளின் ஆயுள் முடிகிற இடத்தில்தான். குப்பைமேடு, பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்கடை, ஒயர் எரிக்கும் புறம்போக்கு.

ஒயர் எரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொழுது சாயும் நேரம், வற்றிய குளத்தின் ஓரம். ஒரு தகரத்தின் மேல் ஒயர்ச் சுருள்களைப் போட்டுப் பழைய டயர்த் துண்டால் பற்றவைப்பார்கள். முதலில் பச்சையும் நீலமுமாகக் கொழுந்து, அது செம்பின் நிறம். அப்புறம் தொண்டையைப் பிடிக்கும் கறுப்புப் புகை. அரை மணியில் மேலுறை போய்விடும், தண்ணீர் தெளித்துக் கம்பியைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். செம்புக்கு நல்ல விலை. எரிக்கிறவர் கையில் வேறு கருவியும் இல்லை, வேறு வருமானமும் இல்லை, அவரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் அந்தத் தகரத்தின் மேல் நடக்கும் வேதியியல் மோசமானது. ஒயர் உறையில் குளோரின் உண்டு, கூடவே கிடக்கும் பிளாஸ்டிக்கில் புரோமின் இருந்தால் அதுவும் சேரும். அரைகுறையாக எரியும்போது இரண்டும் டையாக்சின், ஃபியூரான் என்ற, தாயைவிடப் பொல்லாத பிள்ளைகளைப் பெறுகின்றன. அந்தப் பிரசவத்துக்கு மருத்துவச்சி செம்பே. டையாக்சின் உருவாவதைச் செம்பு தூண்டிவிடுகிறது. எதை எடுக்க எரிக்கிறோமோ அதுவே விஷத்தைக் கூட்டுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வட்டச் சாம்பல் இருக்கும். முதல் மழையில் அது குளத்துக்குள்.

ஓர் ஆற்றுப் படுகை முழுவதுமே இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தெற்குச் சீனத்தின் குய்யூ. லியன்ஜியாங் ஆற்றங்கரை ஊர். 1990-களிலிருந்து உலகத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் அங்கே வீடு வீடாகப் பிரிக்கப்பட்டன. போர்டைச் சூடாக்கி, பிளாஸ்டிக்கை உருக்கி, மிச்சத்தை எரித்துவிடுவார்கள். அங்கே காற்று, மண், ஆற்றுச் சேறு, வேலை செய்தவர்களின் ரத்தம் என்று தொட்ட இடமெல்லாம் பி.பி.டி.ஈ. எகிறியிருந்தது. 2015 வாக்கில் பட்டறைகளை ஒரு தொழிற்பேட்டைக்குள் கொண்டுபோனார்கள். பட்டறை இடம் மாறியது, மண் அங்கேயேதான் இருக்கிறது.

உடம்புக்கு என்ன

நம் தொண்டைக்குக் கீழே தைராய்டு சுரப்பி தைராக்ஸின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. அதன் உருவத்தை வரைந்தால்: இரண்டு அறுகோண வளையம், நடுவில் ஆக்சிஜன் பாலம், சுற்றி நான்கு அயோடின். எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதா? அயோடின் இருக்கும் இடத்தில் அதன் பக்கத்து வீட்டுக்காரரான புரோமினை வைத்தால் கிட்டத்தட்ட பி.பி.டி.ஈ. உடம்புக்குள் தைராக்ஸினைச் சுமந்து போகும் புரதங்களும் அதை வாங்கிக்கொள்ளும் இடங்களும் சில நேரம் ஆள் மாறாட்டத்தில் ஏமாந்துவிடுகின்றன. தைராக்ஸின் குறைந்தால் பெரியவருக்குச் சோர்வு, எடை. வயிற்றிலிருக்கும் சிசுவுக்கோ மூளை வளர்ச்சிக்கே அது வேண்டும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு, கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தில் பி.பி.டி.ஈ. அதிகம் இருந்த பிள்ளைகளுக்குக் கவனக்குறைவும் சற்றுக் குறைந்த அறிவுத்திறன் மதிப்பெண்ணும் தொடர்புபட்டிருப்பதைக் கண்டது.

இது ஒரே நாளில் மயக்கம் போட்டு விழவைக்கும் விஷம் இல்லை. சேமிப்புக் கணக்கு மாதிரி. டெக்கா ரத்தத்திலிருந்து இரண்டு வாரத்தில் பாதியாகும். லேசான வகைகள் கொழுப்பில் வருடக் கணக்கில் தங்கும். சுவீடனில் 1972 முதல் 1997 வரை சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, டி.டி.டி. போன்ற பழைய நச்சுகள் குறைந்துகொண்டே வர, பி.பி.டி.ஈ. மட்டும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். (தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் நன்மை இதைவிடப் பெரிது என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.)

பால் என்றதும் மிச்சிகன் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே ஆலை இரண்டு பொடி தயாரித்தது. ஒன்று மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மெக்னீசியம் ஆக்சைடு, பெயர் நியூட்ரிமாஸ்டர். மற்றது பி.பி.பி. என்ற புரோமின் தீத்தடுப்பி, பெயர் ஃபயர்மாஸ்டர். 1973-ல் மூட்டை மாறிப்போய் ஃபயர்மாஸ்டர் தீவன ஆலைக்குப் போனது. மாடு தீனி தின்னவில்லை, பால் வற்றியது, குளம்பு கோணலாக வளர்ந்தது. காரணம் பிடிபட ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதற்குள் மாநிலமே அந்தப் பாலையும் இறைச்சியையும் முட்டையையும் சாப்பிட்டு முடித்திருந்தது. சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொன்று புதைத்தார்கள். அன்று அதைச் சாப்பிட்டவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் இன்றும் பதிவேடு வைத்துத் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். காலையில் பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போகும் ஓர் ஊரில் உட்கார்ந்து இந்தக் கதையைப் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது.

ஃபோமை வைத்தே பிடிப்பது

இவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அளக்கிறார்கள்? காற்றுக்கு ஒரு எளிய கருவி. எவர்சில்வர் குண்டான் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தது போல, நடுவில் விரலளவு இடைவெளி. உள்ளே தோசை மாதிரி ஒரு வட்டம், 14 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைக்குச் சற்றுக் குறைவான தடிமன். அந்த வட்டம் எதனால் ஆனது தெரியுமா? பாலியூரித்தேன் ஃபோம். சோபாவில் இருக்கும் அதே இனம், சுத்தமாகக் கழுவியது. எது இந்த ரசாயனத்தைக் காற்றில் விட்டதோ அதுவே அதைத் திரும்பப் பிடிக்கவும் கெட்டிக்காரன். மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. மொட்டைமாடியிலோ மரத்திலோ மூன்று மாதம் தொங்கவிட்டு எடுத்துப் போகிறார்கள். படுகை முழுக்க, மலையில் ஒன்று, வயலில் ஒன்று, குப்பைமேட்டுப் பக்கம் ஒன்று என்று வைத்தால் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது என்ற படம் கிடைத்துவிடும். மண்ணுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டரைச் சுரண்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, சலித்து எடுப்பார்கள்.

ஆய்வகத்தில் புரோமினைக் கண்டுபிடிக்க இயற்கையே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. புரோமின் அணுக்களில் கிட்டத்தட்டப் பாதி 79 எடை, பாதி 81 எடை. கருவியின் திரையில் சம உயரத்தில் இரட்டைக் கோபுரம் எழும்பினால் வந்திருப்பது புரோமின்தான். முடிவை ஒரு கிராம் மண்ணுக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதுவார்கள். கிராமுக்கு ஒரு நானோகிராம் என்றால்: வாளையார் செக்போஸ்ட்டில் பத்து டன் மண் ஏற்றிய நூறு லாரிகள் வரிசையாக நிற்கின்றன, மொத்த மண்ணிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஹார்மோனும் ரத்தத்தில் அந்த மாதிரிச் சின்ன அளவில்தான் வேலை பார்க்கிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. எளிதில் அழியாத நச்சுகளைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பென்டா, ஆக்டா வகைகளை 2009-லும், தெர்மோகோலில் போடும் ஹெச்.பி.சி.டி.யை 2013-லும், டெக்காவை 2017-லும், டெக்லோரேன் பிளஸ் என்ற குளோரின் தீத்தடுப்பியை 2023-லும் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2018-ல் பென்டா, ஆக்டா வகைகளையும் ஹெச்.பி.சி.டி.யையும் தடை செய்தது. மின்னணுப் பொருட்களில் பி.பி.டி.ஈ. 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது மின்கழிவு விதிகளில் இருக்கிறது. ஆனால் தடை புதுச் சரக்குக்குத்தான். ஏற்கெனவே வீடுகளிலும் குப்பைமேடுகளிலும் இருப்பது இருக்கிறது. பழைய டிவிப் பெட்டியின் கறுப்பு பிளாஸ்டிக்கை உருக்கிக் கரண்டியும் பொம்மையும் வார்ப்பதும் உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது. மாற்றாக வந்த பாஸ்பரஸ் வகைகள் சில, தண்ணீரில் நன்றாகவே கரைகின்றன. சேற்றில் தங்கியது போய் ஆற்றிலேயே ஓடுகிறது. ஒரு கதவை மூடினால் சன்னல் வழியாக வரும் கதை.

என்னைக் கேட்டால், மருந்தை மாற்றி மாற்றிக் கலப்பதைவிட எரியும் பொருளை மாற்றுவது நல்லது. 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனபிறகு தமிழ்நாட்டில் பள்ளிக் கூரை ஓலைக்கு யாரும் ரசாயனம் அடிக்கவில்லை. ஓலையையே எடுத்தார்கள். கலிபோர்னியாவும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்தது. 1975 முதல் சோபா ஃபோம் 12 விநாடி நெருப்பைத் தாங்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. அதனால் கிலோ கணக்கில் ரசாயனம் கலந்தார்கள். 2013-ல் விதியை மாற்றி, மேல்துணி சிகரெட் கங்குக்குத் தாங்கினால் போதும் என்றது. ரசாயனம் தேவையில்லாமல் போனது.

வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை. கிழிந்த குஷனைத் தைத்துவிடுங்கள். வறண்ட துடைப்பத்தால் தூசி கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள், தவழும் குழந்தை இருந்தால் கட்டாயம், அதன் கையும் வாயும் தரையில்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவுங்கள். பழைய டிவி, சார்ஜர், ஒயரை, வீடு வீடாக வந்து குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனாக்காரர்களிடம் தனியாகக் கொடுங்கள், தோட்டத்து மூலையில் சருகோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள்.

சோபாவைத் திரும்ப எடுக்கப் போனபோது கடை வாசலில் நாலு சாக்கு ஃபோம் துண்டுகள் நிரம்பி நின்றன. வாய் கட்டாத சாக்கிலிருந்து மஞ்சள் பொடி பறந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் எங்கண்ணா போகுது?"

"கோயமுத்தூருக்குங்க சார். அரைச்சு ஒட்டி ரீபாண்டட் மெத்தையாக்கிருவாங்க. நம்ம கடைக்கே திரும்பி வரும், போன வாரங்கூட ரெண்டு இறக்குனேன்" என்றார். பேசிக்கொண்டே சணல் கயிற்றை எடுத்துச் சாக்கின் வாயைக் கட்டினார். அப்போதும் காற்று கிழக்கிலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது.